தங்க முள்ளில் சந்தனம்

என் பேனாவை யாரும் கேட்கக்கூடாது. வங்கி, தபால் நிலையம், தாலுகா ஆபீஸ், எங்கே போய் வரிசையில் நின்றாலும் ஒருவர் பின்னாலிருந்து, "மேடம், பேனா கொஞ்சம் குடுங்க, இந்தா தந்துர்றேன்" என்பார். இல்லை என்பேன். அது என் விரல்களுக்கு நடுவில் இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் இல்லை என்பேன். ஒருமுறை ஒருவர் விடாமல், "கையில வச்சுக்கிட்டே இல்லைங்கிறீங்களே, எழுதுனா தேஞ்சா போகும்?" என்று கேட்டார். ஆமாம், தேயும் என்றேன். இங்க் பேனாவின் தங்க முள் எழுதுகிறவர் கைக்குத் தக்கபடி பழகிவரும், வேறொருவர் அழுத்தி எழுதினால் கெட்டுப்போகும் என்று விளக்கமும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பால்பாயிண்ட் பேனாவைத் தேடிப் போனார். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

நான் ஒத்தக்கடைப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. பதவி உயர்வு வந்த மாதம்தான் அந்தப் பேனாவை வாங்கினேன். கறுப்பு உடம்பு, மூடியில் இரண்டு வளையம், தங்க முள். விலையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "இதுக்கு அரைப் பவுன் எடுத்துக் கழுத்துல போட்டுருக்கலாம். ஒரு பேனாவுக்கா இம்புட்டு?" என்றார். "கழுத்துல போட்டா கையெழுத்துப் போட முடியுமா?" என்று கேட்டேன். அவர் மறுபடி சோற்றைப் பிசையத் தொடங்கினார். ஆனால் வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்தால் போதும், அந்தப் பேனாவை எடுத்துவந்து காட்டச் சொல்லி, விலையையும் சொல்லி என் மானத்தை வாங்குவார்.

விலை உயர்ந்த பேனா என்றால் சுகமாக எழுதும் என்று நினைக்கிறவர்கள் அதை மதுரை வெயிலில் ஒரு சித்திரை மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றி, எதிரே நிற்கிறவரிடம் இரண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் முள்ளில் மை காய்ந்துவிடும். மேலூர் ரோட்டில் பஸ் குலுங்கிய குலுக்கலில் மூடிக்குள்ளேயே மையைக் கக்கி, கைப்பை, மூக்குக்கண்ணாடிக் கூடு, புடவைத் தலைப்பு எல்லாவற்றையும் பச்சையாக்கியிருக்கிறது. அரசாங்கம் தருகிற தாளுக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. வருகைப் பதிவேட்டில் இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் மை ஊறி, பின்பக்கத்தில் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து விழுந்துவிடும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். மை தீர்ந்தால் டவுன்ஹால் ரோடு வரைக்கும் போக வேண்டும். "இன்னுமா இங்க் பேனால எழுதுறீங்க?" என்று சிரிக்கிற கடைக்காரரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் நல்ல தாள் அகப்பட்டுவிட்டால், அழுத்தவே வேண்டாம். தொட்டால் போதும், ஓடும். இது எனக்குப் பெரிய விஷயம். எழுதுவது என்றால் அழுத்துவது என்று பழகிய கை என்னுடையது. நடுவிரலின் பக்கவாட்டில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. கணினியில் தட்டச்சு செய்கிற என் ஆசிரியைகளுக்கு அதைக் காட்டினால் என்னவென்றே தெரியாது.

பச்சை மை ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கெஜடட் ஆபீசர் என்றால் பச்சைக் கையெழுத்து. மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கும் அந்த உரிமை உண்டு. சான்றிதழ் நகல்களில் சரிபார்த்த கையெழுத்து வாங்கவும், வேலையில் சேர்கிறவர்கள் நன்னடத்தைச் சான்று வாங்கவும் என் மேசைக்கு வருவார்கள். நகலில் போட்டுவிடுவேன். நன்னடத்தைச் சான்றுதான் தகராறு. "இவரை எனக்குக் கடந்த இத்தனை ஆண்டுகளாகத் தெரியும், இவர் என் உறவினர் அல்லர், நல்ல நடத்தை உடையவர்" என்று அதில் எழுதவேண்டும். முன்பின் பார்த்திராத ஆளுக்கு ஐந்து வருடம் என்று போட்டுக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். நான் போடமாட்டேன். தெரியாதவரைத் தெரியும் என்று எழுதமாட்டேன். கவுன்சிலர் போன் பண்ணிச் சொல்லியும் போட்டதில்லை. "அந்தம்மா கையெழுத்த வாங்குறதுக்கு அந்த வேலையே வேணாம்னு இருந்துரலாம்" என்று வெளியே பேசிக்கொள்வது என் காதில் விழும்.

பொய் எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பேனாவை வாங்கியதற்கும் அதுதான் காரணம்.

என் சொந்த ஊர் அலங்காநல்லூரைத் தாண்டி உள்ளே போகவேண்டும். ஆறாம் வகுப்பில் என்னோடு ஒருவன் படித்தான். ஊரில் பாதி வயல் அவன் வீட்டுடையது. என் அம்மா அந்த வயல்களில் நடவுக்கும் களையெடுக்கவும் போனவள். ஆறாம் வகுப்பிலிருந்து இங்க் பேனாவில்தான் எழுதவேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். என்னிடம் பேனா இல்லை, பென்சிலில் எழுதிக்கொண்டிருந்தேன். அவனிடம் தங்க நிற மூடி போட்ட பேனா இருந்தது. அவன் மாமா மெட்ராசிலிருந்து வாங்கி வந்தது. ஒருநாள் தண்ணீர் குடிக்கிற மணிக்கு அவன் அதைக் கையில் சுழற்றிக்கொண்டே போய் சிமெண்டுத் தரையில் போட்டான். முள் கீழ்ப்பக்கமாக விழுந்து வளைந்துவிட்டது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். அவன் அப்பா பெல்ட்டால் அடிக்கிறவர். வாத்தியார் உள்ளே வந்ததும், "சார், இவ என் பேனாவ எடுத்து அழுத்தி எழுதி ஒடச்சிட்டா" என்றான்.

பென்சிலில் எழுதுகிறவளுக்குத்தானே பேனா மேல் கண் இருக்கும். வாத்தியார் வேறு எதையும் விசாரிக்கவில்லை. வயலிலிருந்து அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவன் அப்பாவும் வந்துவிட்டார். முழங்கால் வரைக்கும் சேறோடு அம்மா பள்ளிக்கூடத்து வாசலுக்கு வெளியே நின்றாள். நான் செய்யவில்லை என்று சொன்னேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தெரியாமச் செஞ்சிருச்சு சாமி, இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்ருங்க" என்று அந்த ஆளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியவர்கள் போன பிறகு அவன் அந்தப் பேனாவை என் காலடியில் எறிந்தான். "இந்தா, நீயே வச்சுக்க" என்றான். வகுப்பே சிரித்தது.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. அவனுக்கு ரைஸ் மில், இரண்டு லாரி என்று ஊர்ப் பக்கம் போகும்போது காதில் விழும். ஊர்ப் பொங்கலில் தூரத்தில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. ஆனால் பதவி உயர்வு உத்தரவு கையில் கிடைத்த அன்று என் மனதில் முதலில் வந்தது அவன் முகம்தான். என்றைக்காவது ஒருநாள் அவனுக்கு ஒரு பச்சைக் கையெழுத்து தேவைப்படும். அவன் என் மேசைக்கு முன்னால் நிற்பான். நான் நிதானமாக மூடியைக் கழற்றுவேன். அன்றைக்கு அந்தப் பேனாவை உடைத்தது யார் என்று அவன் வாயால் சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் கையெழுத்து. அதற்கு ஒரு சாதாரணப் பேனா போதாது என்று தோன்றியது. சின்னப் புத்திதான், ஒத்துக்கொள்கிறேன். என் அம்மா செத்துப் போகிறவரைக்கும் நான்தான் அந்தப் பேனாவை உடைத்தேன் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

போன வருடம் அவன் வந்தான். ஆயுத பூஜை முடிந்து, காலாண்டு விடுமுறையும் கழிந்து, பள்ளி திறந்த முதல் நாள் அது.

பூஜையைப் பற்றிச் சொல்லவேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் அலுவலகத்தைக் கழுவிவிட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் பள்ளியில் அலுவலக உதவியாளரின் வேலை. பீரோ, கம்ப்யூட்டர், பள்ளி மணி, ஸ்டேப்ளர், ஆய்வுக்கூடத் தராசு எதையும் விடமாட்டார். ஐம்பதைத் தாண்டிய அம்மா, இதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்கமாட்டார். "ஆபீசுக்கே உங்க பேனாதான மேடம் ஆயுதம், அது இல்லாம என்ன பூஜை?" என்றார். மூடியில் ஒரு சின்னப் பொட்டு, அதற்குமேல் எதுவும் கூடாது என்று கறாராகச் சொல்லிக் கொடுத்தேன். பூஜையில் வைத்ததை உடனே எடுக்கக்கூடாது என்று அவர் சொன்னதால் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் சாமி படத்துக்கு முன்னால், பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், என் பேனா இருந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பள்ளி திறந்த அன்று காலைப் பிரார்த்தனை முடிந்து நான் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கதவைத் தட்டாமல் அவன் உள்ளே வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலை பாதி நரைத்திருந்தது. பின்னால் சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் கோப்பு.

"என்ன புள்ள, நம்மள அடையாளம் தெரியுதா?" என்றான்.

அந்த அறையில் என்னை எல்லாரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். தெரியும் என்றேன். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அந்தப் பெண் நின்றாள்.

"நம்ம மகதான். பரிச்ச எழுதி கவர்மெண்டு வேல வாங்கிருச்சு. நாளைக்குக் காலையில சேரணும். ஆபீசர் ரெண்டு பேருகிட்ட நன்னடத்த வாங்கணுமாம். ஒண்ணு வாங்கியாச்சு. இன்னொண்ணு தாரேன்னு சொன்ன ஆளு திடீர்னு ஊருக்குப் போய்ட்டாரு. யாருகிட்டப் போறதுன்னு யோசிச்சேன். அட, நம்ம ஊருப் புள்ள இருக்கேன்னு வண்டியத் திருப்பிட்டேன்."

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். இத்தனை வருடமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. நேரம் வேண்டியிருந்தது, அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"உன்ன எனக்கு முன்னாடி தெரியுமா?"

"தெரியாது மேடம். இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள்.

"அதெல்லாம் பாத்தா முடியுமா? அஞ்சு வருசம்னு போடு புள்ள. எல்லாரும் அப்படித்தான போடுறாக" என்றான் அவன்.

உதவியாளர் காலையில் பூஜையிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த பேனாவை எடுத்தேன். நினைத்திருந்தபடியே நிதானமாக மூடியைத் திருகினேன். உள்ளே தங்க முள்ளின் மேல் கெட்டியாகச் சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமப் பொட்டு. முள்ளின் பிளவுக்குள் இறங்கி, அத்தனை நாளும் மூடிக்குள் இருந்து காய்ந்து கட்டியாகிவிட்டது. வாசலில் நின்ற உதவியாளர் என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "எழுதுறது அந்த முள்ளுதான மேடம், மூடிக்கு மட்டும் பொட்டு வச்சா சாமி ஏத்துக்குமா?" என்றார். நகத்தால் சுரண்டினேன். குறிப்புத் தாளில் இழுத்துப் பார்த்தேன், தாள்தான் கிழிந்தது. என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு நிமிடத்துக்கென்று வாங்கிய பேனா அந்த நிமிடத்தில் எழுதவில்லை. அந்த அம்மாவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல இருந்தது.

"எழுதலையா? இப்படிக் குடு" என்று அவன் என் விரல்களுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவிக்கொண்டான்.

அதை வாங்கியதிலிருந்து வேறு ஒருவரும் அதில் எழுதியதில்லை. என் வீட்டுக்காரர்கூட. அவன் என் குடிதண்ணீர் டம்ளரில் முள்ளை முக்கினான். கலக்கினான். கட்டைவிரலால் தேய்த்தான், உதறினான், தரையில் பச்சையும் மஞ்சளுமாகத் தெறித்தது. பிறகு என் குறிப்புத் தாளை இழுத்து, என் பச்சை மையில், தன் கையெழுத்தை அகலமாக இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.

"ம், ஓடுது பாரு" என்றவன், மகள் பக்கம் திரும்பினான். "இவுக கையில புடிச்ச மொதப் பேனாவே அப்பா குடுத்ததுதான், தெரியுமா? ஆறாப்புப் படிக்கையில. பாவம், பென்சில்ல எழுதிக்கிட்டுக் கெடந்துச்சு. இந்தா வச்சுக்கன்னு என் பேனாவக் குடுத்தேன். அதுலதான் எழுதி எழுதி இன்னைக்கு இம்புட்டு ஒசரம் வந்துருக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவைப் பற்றிய பெருமை அந்தச் சிரிப்பில் இருந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னதில் ஒன்று உண்மை. அன்றைக்கு என் காலடியில் விழுந்த பேனாவை நான் எடுத்துக்கொண்டேன். வகுப்பு சிரித்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து எடுத்தேன். வளைந்த முள்ளைப் பல்லால் கடித்து நிமிர்த்தினேன். துணி துவைக்கிற கல்லில் தேய்த்தேன். அழுத்தினால்தான் எழுதும், அதனால் அழுத்தி எழுதினேன். ஏழாம் வகுப்பு முடிகிறவரைக்கும் அதில்தான் எல்லாப் பரீட்சையும் எழுதினேன். விரலில் இருக்கிற காய்ப்பு அந்தப் பேனா கொடுத்தது. பொய் சொன்னவனைவிட, அதைக் குனிந்து எடுத்த என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம் என்பது அவன் அப்படிச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

"நீ குடுக்கல" என்றேன். குரல் நான் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து வந்தது. "உன் பேனாவ நீயே தரையில போட்டு ஒடச்ச. நான் ஒடச்சேன்னு சார்ட்டச் சொன்ன. எங்கம்மா சேத்தோட வந்து உங்கப்பாவக் கும்பிட்டா. அதுக்கப்பறம் எங்காலுல தூக்கி எறிஞ்ச."

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்தான். "அடப் போ புள்ள. இம்புட்டு வருசமா இதையா மனசுல வச்சுருக்க? சின்னப் புள்ளைக வெளையாட்டு."

"அப்பா, நீங்க ஒடச்சிட்டு இவங்க மேல பழி போட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? சரி சரி, நேரமாகுது, கையெழுத்தப் போடச் சொல்லு." அவன் பேனாவை என் பக்கம் நீட்டினான். "இந்தா."

அதே வார்த்தை. நான் கையை நீட்டவில்லை. இப்போது வாங்கினால் இரண்டாவது தடவையும் அவன் எனக்குப் பேனா கொடுத்ததாகிவிடும். ஊருக்குப் போய் அதையும் சொல்லுவான். வாங்காவிட்டால் நாளைக்கு அந்தப் பெண் வேலையில் சேரமுடியாது. அவள் என்ன பாவம் செய்தாள் என்று ஒரு பக்கம். நான் என்ன பாவம் செய்தேன், என்னை யார் கேட்டார்கள் என்று இன்னொரு பக்கம். மேசைக்கு மேலே பேனா நீட்டியபடியே நின்றது. அவன் கட்டைவிரலிலிருந்து பச்சைத் தண்ணீர் படிவத்துக்கு அருகே சொட்டியது.

அந்தப் பெண் அப்பா கையிலிருந்து பேனாவை வாங்கினாள். துப்பட்டா நுனியால் முள்ளைத் துடைத்தாள், பிடித்த இடத்தையும் துடைத்தாள். புதுத் துப்பட்டா, பச்சைக் கறை அப்படியே ஏறிவிட்டது. மூடியைத் திருகி மூடினாள். என் கைக்குப் பக்கத்தில், மேசையின் மேல் வைத்தாள்.

"அது அவங்க பேனாப்பா" என்றாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். போன் வந்ததுபோல் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "வண்டியில இருக்கேன்" என்று வெளியே போனான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்கமாட்டேன், இன்றைக்கும் கொடுக்கமாட்டேன்.

அவள் படிவத்தை எடுத்துக் கோப்புக்குள் செருகத் தொடங்கினாள். "நான் வேற யார்கிட்டயாவது கேட்டுப் பாக்குறேன் மேடம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. மணி பத்தாகவில்லை, ஆனாலும் முன்பின் தெரியாத ஊரில் இன்னோர் அதிகாரியைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"குடு" என்று கையை நீட்டினேன்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அந்த வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒரு வாத்தியார் இருந்தார். வாசலில் என் அம்மா இருந்தாள். இந்தப் பெண் அவனிடம் சொன்னதுபோல் ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மூடியைக் கழற்றினேன். தண்ணீர் கலந்து வெளுத்த பச்சையில், அழுத்தாமலே, எழுதியது. அவள் பெயரை எழுதினேன். நல்ல நடத்தை உடையவர் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன், முத்திரை வைத்தேன். எத்தனை ஆண்டுகளாகத் தெரியும் என்ற கோடு மட்டும் காலியாக இருந்தது. அதில் ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன். அவளை எனக்குத் தெரிந்து அப்போது கால்மணி நேரம் ஆகியிருந்தது.